நூலில் தொங்கிய ராக்கெட்

கடந்த மார்கழியில் எங்கள் ஆலய முற்றத்தில் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைக்கும் பணி நடந்துகொண்டிருந்த ஒரு மாலை நேரம். கெலமங்கலத்தின் பனி ஐந்து மணிக்கே இறங்கத் தொடங்கிவிடும் நாள்கள் அவை. வைக்கோல் கட்டுகளைத் தூக்கி வந்த இளைஞர்களுக்கிடையே வழி விலக்கிக்கொண்டு, பழைய சேலையொன்றில் சுற்றிய நீண்ட பொருளைத் தோளில் சாய்த்தபடி பங்கு இல்லத்தின் படியேறி வந்தாள் ஒரு பெண். எங்கள் பங்கைச் சேர்ந்தவள். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பவள். அவளுடைய தந்தை ஓசூரில் ஒரு சிறு பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்கிறார்.

சேலையை விரித்தபோது உள்ளே இருந்தது ஒரு ராக்கெட். நூற்றுப்பத்து சென்டிமீட்டர் நீளம், ஏழு சென்டிமீட்டர் விட்டம், வால்பகுதியில் நான்கு இறக்கைகள். கல்லூரி மாணவர் பத்துப் பேர் சேர்ந்து ஒரு போட்டிக்காகச் செய்தது. மோட்டார் அதில் இல்லை. வெடிபொருள் சட்டங்களுக்கு உட்பட்ட பொருள் என்பதால், ஏவும் நாளில் போட்டி நடத்துவோரே உரிமம் பெற்றவர்கள் மூலம் கொண்டுவந்து பொருத்துவார்களாம். அதனால்தான் பேருந்தில் கொண்டுவர முடிந்தது. நடத்துனர் அதற்கும் அரைச் சீட்டு கேட்டாராம்!

“ஃபாதர், நீங்க குருமடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி பி.எஸ்சி. இயற்பியல் படிச்சீங்கன்னு அப்பா சொன்னார்” என்று தொடங்கினாள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் படித்த இயற்பியலை நம்பி ஒருவர் உதவி கேட்டு வருவதில் ஒரு சிறு பெருமை இருக்கத்தான் செய்கிறது. அமரச் சொன்னேன்.

சிக்கல் இதுதான். ராக்கெட் பறப்பதற்கு முன்பே அது எப்படிப் பறக்கும் என்று கணினியில் கணித்துக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. ஒவ்வொரு பாகத்தின் அளவையும் எடையையும் கொடுத்தால், எவ்வளவு உயரம் செல்லும், எந்நேரம் வான்குடை விரியும், நேராகச் செல்லுமா அல்லது தடுமாறுமா என்பதைச் சொல்லிவிடும். அவள் ஈராண்டாக அப்படியொரு மென்பொருளைப் பயன்படுத்தி வந்தாள். விடுமுறைக்கு முன்பு அதன் புதிய பதிப்பு வந்திருக்கிறது, நிறுவினாள். பழைய கோப்பைத் திறந்தாள். ராக்கெட்டில் ஓர் ஆணியைக்கூட மாற்றாமலிருக்க, அதன் நிலைப்புத்தன்மை 1.71 என்றிருந்தது 0.71 ஆகிவிட்டது.

இந்த எண் என்னவென்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எறியப்பட்ட எந்தப் பொருளும் தன் எடைமையத்தைச் சுற்றியே திரும்பும். காற்றோ அப்பொருளின் மேல் பல இடங்களில் மோதினாலும், அத்தனை மோதலும் ஓரிடத்தில் தாக்குவதாகக் கணக்கிடலாம், அது அழுத்தமையம். எடைமையம் முன்னாலும் அழுத்தமையம் பின்னாலும் இருந்தால், ராக்கெட் சற்றுச் சாய்ந்தவுடன் காற்றே அதன் வாலைப் பிடித்து நேராக்கிவிடும். கூரைமேல் திரும்பும் காற்றுக்காட்டிச் சேவலின் தத்துவம்தான். இரண்டு மையங்களுக்கும் இடையேயுள்ள தொலைவு, ராக்கெட்டின் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதே அந்த எண். ஒரு மடங்காவது வேண்டும் என்பது பொதுவிதி. அவளுடைய போட்டியில் ஒன்றரை மடங்கு கேட்டிருந்தார்கள். அதற்குக் குறைந்தால், வானத்தை நோக்கிப் போக வேண்டியது பார்வையாளரை நோக்கித் திரும்பக்கூடும்.

அழுத்தமையத்தைக் காகிதத்திலேயே கணிக்கும் எளிய வழியை 1960-களில் வகுத்துத் தந்தவர் ஜேம்ஸ் பாரோமன் என்ற அமெரிக்கப் பொறியாளர். அவர் அதை முதுநிலை ஆய்வேடாக 1967-இல் சமர்ப்பித்த இடம் வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். இன்று உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் செய்யும் மாதிரி ராக்கெட்டுகள் அவருடைய கணக்கின்படியே இறக்கை பெறுகின்றன. இதை அவளிடம் சொன்னபோது, “அப்படியா ஃபாதர்?” என்று மரியாதைக்குக் கேட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். அவளுடைய கவலை வேறு.

நிலைப்பு 1.71 என்று அவளே கையொப்பமிட்டு, குழுவின் சார்பில் அறிக்கை அனுப்பியாகிவிட்டது. இப்போது 0.71 என்றால் இறக்கைகளைப் பெயர்த்துப் பெரிதாக்க வேண்டும். அதற்கு நாள் இல்லை. மற்ற ஒன்பது பேரும் அவளைத்தான் கேட்பார்கள்.

நான் அப்போது சொன்ன அறிவுரையை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். “புதிய பதிப்பில் ஏதோ பிழை இருக்கிறதம்மா. அதை நீக்கிவிட்டுப் பழையதையே போட்டுக்கொள்” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பழைய பதிப்பை மீண்டும் நிறுவினாள், 1.71 திரும்பி வந்தது. இருவரும் தேநீர் அருந்தினோம். ஆலோசனை கேட்டு வருபவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதையே ஆலோசனையாகச் சொல்லிவிடும் பழக்கம், பங்குப்பணியில் நீண்ட காலம் இருப்பவர்களை எப்படியோ பற்றிக்கொள்கிறது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. புதுப்பதிப்பு என்றாலே ஐயுறும் மனம் எங்கிருந்து வந்தது என்று எண்ணியபோது, குருமடத்தில் படித்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. புனித எரோணிமுஸ் யோனாவின் நூலை எபிரேயத்திலிருந்து நேரே இலத்தீனில் மொழிபெயர்த்தபோது, யோனாவுக்கு நிழல் தந்த செடி, மக்கள் வழிவழியாகக் கேட்டுவந்த சுரைக்கொடியாக இல்லாமல் வேறொரு கொடியாக மாறிவிட்டது. ஆப்பிரிக்காவின் ஓயா நகரில், இன்றைய லிபியாவின் திரிப்போலியில், அந்தப் புதிய மொழிபெயர்ப்பு ஆலயத்தில் வாசிக்கப்பட்டபோது மக்கள் கொதித்தெழுந்தனர். ஆயர் தம் மந்தையையே இழக்கும் நிலை வந்தது. புனித அகுஸ்தினார் இதை எரோணிமுசுக்குக் கடிதத்தில் எழுதினார். பழையதே சரியென்றனர் மக்கள். புதியதே மூலத்துக்கு நெருக்கம் என்றார் எரோணிமுஸ். மூலத்திலுள்ள எபிரேயச் சொல்லோ, சுரையுமன்று, எரோணிமுஸ் போட்ட கொடியுமன்று; எங்கள் ஊர் வரப்புகளில் நிற்கிறதே, அந்த ஆமணக்கைக் குறிக்கும் என்பதே இன்று பலர் கொள்ளும் கருத்து. இரு பதிப்பாரும் சண்டையிட்ட காலத்தில், செடி தன்பாட்டில் வேறாக இருந்திருக்கிறது.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அவளை அழைத்துவரச் சொன்னேன். “பழையதை நீக்க வேண்டாம், புதியதையும் போடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்” என்றேன். ஏட்டுச்சுவடிகளைப் பாடபேதம் பார்த்த முறைதான். எந்த ஏடு சரி என்று முதலில் முடிவு கட்டுவதில்லை. எந்த வரியில் பிரிகின்றன என்றுதான் முதலில் தேடுவார்கள்.

கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டோம். அதிலிருந்து ஒவ்வொரு பாகமாக நீக்கி, இரண்டு பதிப்பிலும் எண்ணைக் குறித்தோம். மூக்குக்கூம்பை எடுத்தோம், வேறுபாடு நின்றது. வான்குடையை எடுத்தோம், நின்றது. பிற்பகுதிக் குழாயை எடுத்தவுடன் இரண்டு பதிப்பும் ஒன்றாகிவிட்டன. அழுத்தமையம் இரண்டிலும் மூக்கிலிருந்து 72 சென்டிமீட்டரில்தான் இருந்தது. எடைமையம்தான் பழையதில் 60, புதியதில் 67.

பிற்பகுதிக் குழாய்க்குரிய சாளரத்தைத் திறந்தபோது விடை கிடைத்தது. மென்பொருள் தானாகவே எடையை ஊகிப்பதற்குப் பதிலாக, நாமே தராசில் நிறுத்துக் கண்ட எடையையும் எடைமையத்தையும் கொடுக்கலாம். ‘இதற்குள்ளிருக்கும் பாகங்களும் இதிலேயே அடக்கம்’ என்று ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். பழைய பதிப்பில் அதற்கு ஒரே கட்டம். புதிய பதிப்பில், நல்ல நோக்கத்தோடுதான், எடைக்கு ஒன்று, எடைமையத்துக்கு ஒன்று, காற்றுத்தடைக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்திருந்தார்கள். பழைய கோப்பைத் திறந்தபோது ஒரு குறி வந்துசேர்ந்தது. மற்றது வழியில் உதிர்ந்துவிட்டது. குறியை இட்டோம். புதிய பதிப்பும் 1.71 என்றது.

அவள் கைதட்டினாள். நானும் மகிழ்ந்தேன். செய்தியைக் கேட்டபடி மகளைத் தேடி வந்து நின்ற தந்தை மட்டும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. ராக்கெட்டை இரண்டு விரலில் தாங்கிப் பார்த்தவர், “இத கையில எடுத்து நிறுத்துப் பாத்தீங்களா சாமி?” என்றார்.

கணினியைத் தொட்டறியாத மனிதர். முப்பதாண்டுகளாக இரும்பைக் கடைந்து, ஒவ்வொரு துண்டையும் அளவுகோலில் பிடித்துப் பார்த்தே அடுத்ததைத் தொடுபவர். அந்தப் பெண் தலைகுனிந்தாள். பிற்பகுதியை அவள் நிறுத்தது ஆகஸ்டு மாதத்தில். அதற்குப் பிறகு நண்பர்கள் இறக்கைகளின் அடியில் இரண்டாம் முறை பசை பூசினார்கள்; மோட்டார் கழன்று விழாமலிருக்க உலோக வளையம் ஒன்றும் பொருத்தினார்கள். “திரும்ப நிறுத்துப் பார்க்கணும்னு தோணுச்சு ஃபாதர். எண் நல்லா இருந்ததால விட்டுட்டேன்” என்றாள்.

ஆலயப் பொருளறையில் நூல் எடுத்துவந்தோம். மோட்டாரின் எடைக்குச் சமமாக மணலைப் பொட்டலம் கட்டி வாலில் செருகினோம். நூலில் சுருக்கிட்டுத் தொங்கவிட்டு, தராசுக்கோல் சமனாவதுபோல் சமனாகும்வரை நகர்த்தினோம். மூக்கிலிருந்து 63.5 சென்டிமீட்டர். அடுத்த தெருக் கடையின் தராசில் நிறுத்தபோது 900 கிராம், கோப்பிலிருந்தது 830. கணக்கிட்டால் நிலைப்பு 1.21. பழைய பதிப்பும் தவறு. புதிய பதிப்பும் தவறு. இரண்டும் ஒத்துப்போனபோது ஒரே தவற்றை இரண்டு முறை சொல்லியிருக்கின்றன. மென்பொருளின் பிழையைத் தேடிப் போனதால்தான் எங்கள் பிழை அகப்பட்டது.

இத்தகைய பிழைகள் பெரியவர்களையும் விட்டதில்லை. 1993 செப்டம்பர் 20-ஆம் நாள், நான் குருமடத்தில் இருந்தேன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் பி.எஸ்.எல்.வி. புறப்பட்டது, செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்க்காமலே முடிந்தது. மறுநாள் படிப்பறையில் செய்தித்தாளுக்கு நாங்கள் முட்டிமோதியது நினைவிருக்கிறது. இயந்திரங்கள் எல்லாம் நன்றாகவே வேலை செய்திருந்தன. இரண்டாம் படி பிரிந்தபோது எதிர்பாராத அசைவு ஒன்று ஏற்பட்டது. அதைச் சமன்செய்ய வேண்டிய கட்டுப்பாட்டு மென்பொருளில், கட்டளையின் அளவு எல்லையை மீறும்போது என்ன செய்வதென்பதில் ஒரு பிழை இருந்தது. அது தரையில் நடந்த சோதனைகளில் வெளிப்படவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபர் 15-இல் இரண்டாவது பி.எஸ்.எல்.வி. வென்றது.

எங்கள் சிக்கலுக்கு இன்னும் நெருங்கியது 1996 ஜூன் 4-இல் ஐரோப்பியரின் முதல் ஏரியான்-5 ராக்கெட்டுக்கு நேர்ந்தது. புறப்பட்டு நாற்பது விநாடிக்குள் அது சிதறியது. நான்கு அறிவியல் செயற்கைக்கோள்களும் அழிந்தன. முந்தைய ஏரியான்-4இல் பல ஆண்டுகள் பிழையின்றி உழைத்த மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம். அந்த எண், அதற்கென ஒதுக்கிய பதினாறு இலக்க இரும எண் கட்டத்தில் அடங்கவில்லை. மாற்றாக வைத்திருந்த இரண்டாம் கருவியிலும் அதே மென்பொருள். அதுவும் அதே காரணத்தால் நின்றது. கொடுமை என்னவெனில், அந்தக் கணக்கு ராக்கெட் தரையை விட்டு எழுந்த பிறகு தேவையே இல்லாதது. முன்பு நடந்த ஒத்திகைகளில் அந்தக் கருவியை உண்மையாகப் பொருத்தாமல், அது என்ன சொல்லும் என்று கணினியே சொல்லிக்கொண்டது என்று விசாரணைக் குழு எழுதியிருக்கிறது. நூலில் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை என்று அவளுடைய தந்தை சொல்லியிருப்பார்.

கத்தோலிக்கருக்கு ராக்கெட் அயலானதன்று. தும்பாவில் புனித மகதலா மரியாவின் ஆலயத்தையும் ஆயர் இல்லத்தையும் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அறிவியலாளர்க்கு விட்டுக்கொடுத்ததையும், 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் எழுந்ததையும் நம் வாசகர் அறிவர். எங்கள் வட்டாரத்துக்கும் இது அயலானதன்று. இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத இராயக்கோட்டைக் கோட்டை, 1791-இல் ஆங்கிலேயர் கைப்பற்றும்வரை மைசூர் அரசின் வசம் இருந்தது. இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து மூங்கிலில் கட்டி எய்த அந்த அரசின் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர் தம்முடையதைச் செய்துகொண்டார்கள். அந்த மூங்கில் அழகுக்கு அன்று, நேராகப் பறப்பதற்கு. பாரோமனுக்கு இருநூறாண்டு முன்பே வால்கணக்கு தெரிந்திருக்கிறது.

இப்போது அவள் என்ன செய்வது? இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மூக்கில் எடை சேர்த்து எடைமையத்தை முன்னே நகர்த்துவது. கணக்கிட்டோம்: நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டரில் 35 கிராம் வைத்தால் நிலைப்பு 1.52. அது எளிது, அவளுடைய தந்தை பட்டறையில் பித்தளைத் துண்டொன்றைக் கடைந்து கொண்டுவருவதாகச் சொன்னார். ஆனால், அறிக்கையில் அனுப்பிய எடையும் தவறு, எதிர்பார்த்த உயரமும் தவறு. எடை கூடினால் உயரம் குறையும். உயரத்துக்கு மதிப்பெண் உண்டு. ஆகவே இரண்டாம் வழி, எதுவும் சொல்லாமல் பித்தளையை மட்டும் உள்ளே வைத்துவிடுவது. மூக்குக்கூம்பைத் திறந்து யார் பார்க்கப்போகிறார்கள்?

இந்த இரண்டாம் வழியை அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால், அது அறையில் இருந்தது. முந்தின நாள் அவசரமாக ஆலோசனை சொல்லிச் சூடுபட்டிருந்ததால் நான் வாய்திறக்கவில்லை. அவள் வெகுநேரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஃபாதர், இங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதலாமா? வீட்டுக்குப் போனா எழுத மாட்டேன்” என்றாள்.

நிறுத்த தேதி, அதன் பிறகு சேர்ந்த எழுபது கிராம், புதிய பதிப்பில் உதிர்ந்த குறி, நூலில் கண்ட அளவு, பித்தளை, திருத்திய உயரம் எல்லாவற்றையும் எழுதினாள். தவறு தன்னுடையதென்று ஒரு வரி. அந்த வரியை இருமுறை அழித்து மூன்றாம் முறை விட்டுவைத்தாள். முதலில் குழுத் தலைவனுக்கு, பிறகு போட்டி நடத்துவோருக்கு.

பித்தளைத் துண்டு இரண்டு நாளில் வந்தது. முதலில் 37 கிராம் இருந்ததாம். திரும்பவும் இயந்திரத்தில் ஏற்றி இரண்டு கிராம் சீவியதாகத் தந்தை சொன்னார். மூக்கில் பொருத்தி, எடைமையத்தில் நீளக் கயிறு கட்டி, முற்றத்தில் தலைக்குமேல் சுழற்றிப் பார்த்தோம். மாதிரி ராக்கெட் செய்வோரிடையே வழங்கும் பழைய சோதனை இது. துண்டு இல்லாமல் சுழற்றியபோது மூக்கு தடுமாறிக் குறுக்கே திரும்பியது. துண்டோடு சுழற்றியபோது, காற்றைக் கிழித்துக்கொண்டு மூக்கு முன்னாகவே சுற்றியது. பீடச் சிறுவர்கள் குடிலை மறந்துவிட்டு வரிசை கட்டி நின்றார்கள். கட்டியிருந்த நட்சத்திரத்தில் ஒன்று பிய்ந்துபோனது.

குழுத் தலைவன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. திருத்தத்தை ஏற்றுக்கொண்ட போட்டிக்காரர்கள், தாமதமாகத் தந்ததற்காக மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். ஏவிய அன்று நான் செல்ல முடியவில்லை. அடக்கத் திருப்பலி ஒன்று இருந்தது. மாலையில் கைப்பேசியில் அவள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். புகைக்கோடு நேராக, கோடுகிழித்ததுபோல் மேலே சென்றது. வான்குடை சற்றுப் பிந்தி விரிந்தது. பரிசு கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவளுடைய தந்தை வந்தார். இறங்கும்போது மூக்குக்கூம்பு ஈர வயலில் குத்தி உடைந்துவிட்டதாம். பித்தளைத் துண்டைப் பிள்ளைகள் மாலைவரை தேடியும் கிடைக்கவில்லையாம்.

“அது போகட்டும் சாமி, இன்னொண்ணு கடைஞ்சு தர்றேன். எடைய மட்டும் நிறுத்துப் பாத்து எழுதி அனுப்பச் சொல்லுங்க” என்றார்.